கிழக்கு ஓரத்து வரிசையில் பறித்த சோளம்

என் பெயர் ஆனிஸ் டிரெவர். வயது முப்பத்தொன்று. பீப்பாய் செய்யும் தொழில் பார்த்து, போன குளிர்காலத்தில் இறந்துபோன கில்பர்ட் டிரெவரின் மனைவி. ஹாலோவெல் குடியிருப்பில், மரவேலிக்கு உட்புறம், பொது அடுப்பை ஒட்டிய குடிசையில் மகள் சிசிலியுடன் வசித்து வருகிறேன். ஊர்ப் பொது வயலில் நான்கு மக்காச்சோளக் கதிர்களை அறுவடைக்கு முன்பே திருடியதாகப் பண்டகசாலைப் பொறுப்பாளர் திரு. பென்ட்லோ கொடுத்த புகாரின்பேரில் ஊர் மன்றத்தில் என்னை விசாரிக்கிறார்கள். கதிர்களைப் பறித்தது நான்தான். மறைக்க எனக்கு அவசியமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறேன், முடிக்கிறவரை யாரும் குறுக்கே பேச வேண்டாம்.

நாங்கள் இந்தக் கரையில் இறங்கும்போதே பனி விழ ஆரம்பித்துவிட்டது. விதைக்கிற பருவம் போய்விட்டது. கப்பலில் கொண்டுவந்த பட்டாணியும் உப்புக்கறியும் பாதிக் குளிர்காலத்திலேயே தீர்ந்தன. அதன் பிறகு கடலோரத்தில் மட்டி பொறுக்கித் தின்றோம். அதன் பிறகு நாய்களைத் தின்றோம். அதன் பிறகு என் கணவர் தம் பூட்ஸை வெட்டி வேகவைத்து, அந்தத் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தோலை அவர் மென்றார். "அடியே, ஆட்டுக்கறி தோத்துச்சு போ" என்று பிள்ளைகள் காதில் விழும்படி சொன்னார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். அந்த வாரமே இறந்துபோனார்.

அவருக்குப் பிறகு என் மகன் வாட். வயது ஆறு. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, பசி மட்டும்தான். "அம்மா, நாளைக்குச் சாப்பிடலாமா?" என்று கேட்டான். இன்றைக்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் நான் என்ன படுவேன் என்று அந்த வயதிலேயே அவனுக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் காலையில் எழுப்பினேன், எழுந்திருக்கவில்லை.

அப்போது மன்றத்தின் உத்தரவு ஒன்று நடப்பில் இருந்தது. ஓடைக்கு அக்கரையில் இருக்கும் காட்டு ஜனங்களுக்கு நம்மில் எத்தனை பேர் மிச்சம் என்று தெரிந்தால் தாக்க வந்துவிடுவார்கள் என்று பயம். ஆகவே பிணங்களை இருட்டிய பிறகு வயலின் கிழக்கு ஓரத்தில் புதைக்க வேண்டும், மேடு கூடாது, அடையாளம் கூடாது, சத்தம் போட்டு அழக்கூடாது. வாட்டையும் அப்படித்தான் புதைத்தோம். குழி தோண்டியவர்களுக்கு அதற்குமேல் தெம்பில்லை. மண்ணை மிதித்துச் சமன் செய்யும்படி என்னிடம் சொன்னார்கள். என் பிள்ளைமேல் நானே ஏறி மிதித்தேன். வாயில் என் இடுப்புத்துணியைத் திணித்துக்கொண்டு மிதித்தேன்.

பனி உருகியதும் அந்த ஓரத்திலும் சோளம் விதைக்கச் சொன்னார்கள். விதைக்கக் கற்றுக்கொடுக்க அக்கரையிலிருந்து ஒருவர் வந்தார். அவர் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை, ஒவ்வொரு விதைக்குழியிலும் உரமாக ஒரு மீனை வைத்து மூடச் சொன்னதால் மீன்காரர் என்றே கூப்பிட்டோம். வயல் முழுக்க அப்படியே செய்துகொண்டு வந்தவர், கிழக்கு ஓரம் வந்ததும் நின்றார். கையில் இருந்த மீனைக் கூடையிலேயே போட்டார். அந்த மண்ணில் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு போனார். என் பக்கத்தில் நின்ற தச்சர் ஜைல்ஸ், "அக்கா, இவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுதான் இருக்கு" என்றார்.

தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் தாக்க வரவில்லை, விதைக்கச் சொல்லிக்கொடுக்க வந்தார்கள். அப்படியானால் யாருக்குப் பயந்து நான் வாயை அடைத்துக்கொண்டேன் என்று இந்த மன்றத்தைக் கேட்கிறேன். பதில் இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளட்டும்.

அதன் பிறகு இரண்டாவது கப்பல் வந்தது. திரு. பென்ட்லோ அதில் வந்தவர். வந்தவர்கள் மனம் ஒடிந்துவிடக் கூடாது, கிழக்கு ஓரத்தைப் பற்றி யாரும் மூச்சு விடக் கூடாது என்று பழையவர்களை எச்சரித்தார்கள். கோடையில் அந்த ஓரத்துச் சோளம் மற்றதைவிட உயரமாக வளர்ந்தது. ஒரு நாள் களை பறித்துக்கொண்டிருந்த என்னிடம் திரு. பென்ட்லோ வந்தார்.

"ஏம்மா, இங்க மட்டும் எத்தனை மீனைக் கொட்டுனீங்க? ஆளு உயரத்துக்கு நிக்குதே! அடுத்த வருஷம் வயல் பூராவும் இப்படியே பண்ணிருவோம்."

"அப்படிச் சொல்லாதீங்க அய்யா."

"ஏன்? ஊருக்கு நல்லது நடந்தா உனக்கு வயித்தெரிச்சலா?" என்று சிரித்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குத் தெரியாது. கூட நின்ற பழையவர்கள் குனிந்த தலை நிமிரவில்லை. அவர்கள்மேல்தான் கோபம்.

அந்தக் கப்பல் வாய்களைக் கொண்டுவந்ததே தவிர உணவைக் கொண்டுவரவில்லை. ஆளுக்கு அளந்து தரும் மாவுப் படியைக் குறைத்தார்கள். வேலைக்கு வராதவர்களுக்கு அதிலும் பாதி என்றார்கள். சிசிலி காய்ச்சல் கண்டு படுத்துவிட்டாள். வயது ஒன்பது. அவள் கை மணிக்கட்டை என் இரண்டு விரலால் சுற்றிப் பிடித்தேன், இடம் மிச்சம் இருந்தது. வாட்டின் கையும் கடைசியில் அப்படித்தான் இருந்தது. நான் ஓடிப்போய் திரு. பென்ட்லோவிடம் முழுப் படி கேட்டேன். "எந்திரிச்சு வந்தா முழுசு, படுத்திருந்தா பாதி. உனக்குன்னு தனிச் சட்டமாம்மா?" என்றார்.

அங்கிருந்து நேராக வயலுக்குப் போனேன். பட்டப்பகல். வழியில் எத்தனையோ வரிசை இருந்தது, எல்லாவற்றிலும் பால் பிடித்த கதிர் இருந்தது. ஒன்றையும் நான் தொடவில்லை. அது ஊர்ச் சொத்து. கிழக்கு ஓரத்துக்குப் போய்த்தான் பறித்தேன். "வாட், அக்காவுக்குடா" என்று சொல்லிவிட்டுப் பறித்தேன். காவலுக்கு நின்றவர் பார்த்தாரா என்று கேட்டால், எனக்குத் தெரியாது.

கதிர்களைச் சாம்பலில் சுட்டு சிசிலியிடம் கொடுத்தேன். பாதி தின்றபோது, "எங்கேம்மா பறிச்ச?" என்றாள். அவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கிழக்கு ஓரத்துல" என்றேன். மென்றுகொண்டிருந்தவள் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது. கதிரை அவள் கீழே வைக்கவில்லை. மறுபடியும் தின்னத் தொடங்கினாள். பிறகு ஒரு கதிரை என் கையில் வைத்து, "நீயும் தின்னும்மா, நீ போயிட்டா எனக்கு யாரு இருக்கா" என்றாள்.

நான் தின்றேன். இனிப்பாக இருந்தது. கசந்திருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

குடிசை வாசலில் கிடந்த தோகையைப் பார்த்துத்தான் திரு. பென்ட்லோ வந்தார். சிசிலிக்கு இப்போது காய்ச்சல் விட்டிருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தண்டனையாகப் படியைக் குறைப்பதென்றால் என் படியைக் குறையுங்கள், அவள் படியில் கை வைக்காதீர்கள்.

நான் சொன்னதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். 'திருடியதாக' என்று எழுதியிருந்த இடத்தில் 'வாட்டிடம் வாங்கியதாக' என்று திருத்தச் சொன்னேன். அப்படித் திருத்த வழியில்லை என்றார். அந்த ஒரு சொல் தவிர மற்றதெல்லாம் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை, கடவுள் அறிய.

எழுதத் தெரியாததால் ஆனிஸ் டிரெவர் இட்ட குறி: X