பிலோமி வீட்டுக் குண்டான்

– யாரு யாரு இருந்தாங்கன்னு நல்லாக் கேட்டுக்க, பிலோமி. எங்க பக்கம் நான், மருமக யுவனேஸ்வரி, பேத்தி ரூபினி. ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வந்தவங்க பக்கம் திரிங்காப் ஊருக் குணாளன், அவரு சம்சாரம் சசிரேகா, பையன் ஹரிதாஸ். வேற ஈ காக்கா இல்ல. அப்புறம் எப்படி தோட்டத்து லைன் வீடு பூரா என் வீட்டு இட்லியைப் பத்திப் பேச்சு?

– மாதாவே! எனக்கென்ன தெரியும், பழனியப்பன் அண்ணே? நான் வாயே தொறக்கல லா.

– நீ தொறந்தேன்னு நான் சொன்னேனா?

– உள்ள வாங்க முதல்ல. வாசல்ல பனி இறங்குது. பையில என்ன?

– அது கிடக்கட்டும். ஒண்ணு கேக்கணும். இந்த மலைக் குளிர்ல உன் வீட்டு மாவு மட்டும் எப்படிப் பொங்குது?

– அதுவா? ஓவன்ல வைப்பேன். சூடு போடக் கூடாது, உள்ள இருக்கிற பல்பு மட்டும் எரியணும். கதவைச் சாத்திட்டா விடியறப்ப குண்டான் நிறைய நிக்கும். சில பேரு ரைஸ் குக்கர்ல வைக்கிறாங்க. அடி வெந்து களியாயிடும்.

– எங்க வீட்டுல டிவி டீகோடர் பெட்டி மேல.

– அதுவும் நல்ல சூடுதான். ராவெல்லாம் ஓடிக்கிட்டு இருக்கணும், அவ்வளவுதான்.

– ம். ஓடணும்.

– ஏன் அண்ணே ஒரு மாதிரி சொல்றீங்க?

– படுக்கப் போறப்ப வீட்டு சுவிட்ச் அத்தனையும் அடைக்கிறது என் பழக்கம். போன வருசம் இடி விழுந்து டிவி போச்சுல்ல? சனிக்கிழமையும் அடைச்சேன். டீகோடர் மேல துணி மூடிக் குண்டான் இருந்துச்சு. உள்ள இட்லி மாவுன்னு எனக்குத் தெரியாது. சாமானை எடுத்து வைக்கத் தெரியலையேன்னு மருமகளைத் திட்டிக்கிட்டே அடைச்சேன்.

– ஐயோ, அதான் யுவனேசு...

– அதான் யுவனேசு?

– ஒண்ணும் இல்ல லா.

– முழுங்காத. விடியக்காலையில உன் பின்வாசலைத் தட்டினா. அப்படித்தானே?

– அவளைத் திட்டாதீங்க அண்ணே. மாவு கல்லு மாதிரி கிடக்குன்னு வந்து நின்னா. ‘வெளி மாவு எங்க வீட்டுப் படி ஏறினதில்லன்னு மாமா வர்றவங்ககிட்ட சொல்லுவாரு, அக்கா’ன்னு ஒரே அழுகை. குண்டானோட தூக்கிக் குடுத்துட்டேன்.

– சொன்னேன். நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொன்னேன். தட்டு வைக்கிறதுக்கு முன்னாடியே சொன்னேன்.

– அப்புறம் எப்படித் தெரிஞ்சது?

– முதல் வாயிலயே வெந்தயம். என் வீட்டு மாவுல வெந்தயம் கிடையாது. வந்தவங்க முன்னாடி என்ன பேசறது? முழுங்கிட்டேன். அவங்க போனப்புறம் கழுவிக் கவுத்திருந்த சாமான்ல ஒரு குண்டான். அடியில ‘பிலோமி’ன்னு புள்ளி குத்தியிருக்கு.

– என் கல்யாணத்துக்கு வந்த குண்டான் அது.

– ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போயிட்டு வந்து நீயும் கிரகரியும் என்ன சாப்பிட்டீங்க?

– ரொட்டிதான். ஏர் ஃப்ரையர்ல மொறுமொறுன்னு சுட்டேன். எங்க வீட்டுக்காரருக்குப் பல்லு வலி, மொணமொணன்னுகிட்டே தின்னாரு.

– ரெண்டு பேரும் ரொட்டியைக் கடிச்சீங்க. என் வீட்டு மானம் உட்கார்ந்து இட்லி தின்னுச்சு.

– அப்படியெல்லாம் பேசாதீங்க. ரூபினி நான் தூக்கி வளர்த்த புள்ள. அவங்க இன்னும் பதில் சொல்லலன்னு யுவனேசு சொன்னா. நீங்க சொன்னது பொய்யின்னு தெரிஞ்சா சம்பந்தம் நின்னுடும். உங்க வீட்டு மாவுன்னே இருக்கட்டும். நாங்க சாகுற வரைக்கும் சொல்ல மாட்டோம்.

– இந்தா, பையைப் பிரி.

– என் குண்டான்! என்ன இந்தக் கனம் கனக்குது? ஐயோ, மாவு!

– வாங்கின குண்டானை வெறுசாத் திருப்பறது எங்க வீட்டுப் பழக்கமில்ல. யுவனேசு அரைச்சது. நேத்து டீகோடரை நான் அடைக்கல. எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன், எரியுதான்னு. வெந்தயமும் போடச் சொல்லிட்டேன்.

– நீங்களா? வெந்தயமா?

– நல்லாத்தான் இருந்துச்சு. என்ன செய்ய? நீ செஞ்சதை இந்தக் கட்டை வேகுற வரைக்கும் மறக்க மாட்டேன், தங்கச்சி.

– இத்தனை வருசத்துல இன்னைக்குத்தான் என்னைத் தங்கச்சின்னு கூப்பிடுறீங்க.

– கண்ணைத் துடை. யாரோ வர்றாங்க. கிரகரியா அது?

– நான்தான் அண்ணே. ஒட்டுக்கடையில ஒரு தேத்தண்ணி நிம்மதியாக் குடிக்க விடல லா. உங்க மருமக விடியக்காலையில துணி மூடி எதையோ கொண்டு போனதைப் பார்த்தாங்களாம். தானா ராத்தா டவுன் கடையில மாவு வாங்கி மாமனாரை ஏமாத்திட்டாளாம். ஒரே சிரிப்பு அங்க.

– ஏங்க, சும்மா இருங்க! அது அண்ணன் வீட்டு மாவுதான்.

– நீயும் சும்மா இரு, பிலோமி. குணாளனுக்குக் காலையிலேயே போன் போட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை தட்டு மாத்த வர்றாங்க. கிரகரி, நீ திரும்பப் போய் அந்தக் கடையில சத்தமாச் சொல்லு. மாவு கடையில வாங்கினதில்ல. பிலோமி வீட்டுது. மருமக யாரையும் ஏமாத்தல. சுவிட்சை அடைச்சது பழனியப்பன்.