வலது கதவு ஸ்பீக்கர்

முதசிர்: இப்பக் கேளுங்கண்ணா. பாட்டு செட்டு புதுசு, வயரும் புதுசு. வருதா?

சவுரியப்பன்: எங்க வருது? எல்லாம் அந்தப் பக்கமே பாடுது. என் பக்கத்துக் கதவு செத்துத்தான் கெடக்குது.

முதசிர்: அந்த ஸ்பீக்கரப் போன வாரந்தானே மாத்துனேன்...

சவுரியப்பன்: அதத்தான் பாய் நானும் சொல்றேன். ஸ்பீக்கர மாத்துன, கேக்கல. இன்னிக்கு செட்டையே மாத்திட்ட, அப்பவும் கேக்கல. அரூர்லயே கார் செட்டுக்கு உன் கடைதான்னு சொன்னாங்கன்னு வந்தா...

முதசிர்: பதினெட்டு வருசத்து பொலிரோண்ணா. நாலு வீலும் இழுக்கற வண்டி. சித்தேரி மலை ரோட்ல குலுங்கிக் குலுங்கி கதவுக்குள்ள வயரு அறுந்திருக்கும்னு நெனச்சேன்.

சவுரியப்பன்: அப்ப அதுதான். இன்னொரு தடவ கழட்டிப் பாரு.

முதசிர்: பாத்துட்டேன்.

சவுரியப்பன்: நல்லாப் பாரு.

முதசிர்: கையக் குடுங்க. இப்படி ஸ்பீக்கர் மேல வைங்க... அதிருதா?

சவுரியப்பன்: அதிருது.

முதசிர்: அதிருதுன்னா பாடுது.

சவுரியப்பன்: எஞ்சின் ஓடுனா கதவு அதிரத்தான் செய்யும்.

முதசிர்: எஞ்சின நான் போடவே இல்லீங்களே. ஒண்ணு பண்ணுங்க. சீட்டு மேல முட்டி போட்டு, பின்னாடி பாத்துத் திரும்புங்க.

சவுரியப்பன்: அம்பத்திமூணு வயசுல முட்டி போடச் சொல்ற. வாத்தியாரே என்னைப் போட வெச்சதில்ல.

முதசிர்: திரும்புங்கண்ணா... ஆங். இப்ப எந்தக் கதவு பாடுது?

சவுரியப்பன்: அட, என் கதவு பாடுதே. எப்படிப் பண்ண? ஆனா... அந்தப் பக்கம் நின்னு போச்சு. வயர மாத்திக் குடுத்தயா?

முதசிர்: நான் எதையும் தொடல. திரும்புனது நீங்கதான்.

சவுரியப்பன்: பாட்ட நிறுத்து.

முதசிர்: நிறுத்திட்டேன். எத்தன நாளா இப்படி... வலது காது?

சவுரியப்பன்: கிறிஸ்மஸ் கழிச்சு. சளின்னு நெனச்சேன். அப்புறம் செட்டுன்னு நெனச்சேன். செட்டாவே இருந்துட்டா நல்லாயிருக்குமேன்னு...

முதசிர்: நீங்க மொத தடவ வந்தப்பவே பழைய ஸ்பீக்கர் நல்லாத்தான் இருந்துச்சு. உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரல, வயருன்னு சமாளிச்சேன். இந்தப் புதுசெல்லாம் சோதிச்சுப் பாக்கறதுக்குத்தான் போட்டேன். பழசையே மாட்டிக் குடுத்தர்றேன்.

சவுரியப்பன்: செட்டு கெடக்குது, விடு. வெளிய சொல்லிடாத பாய். திங்கக்கெழம பள்ளிக்கூடம் தொறக்குது. மலை மேல இருந்து பன்னண்டு புள்ளைங்கள நான்தான் எறக்கணும். எட்மாஸ்டர்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன்.

முதசிர்: வளைவுல எதுக்க வர்றவன் ஆரன் அடிச்சா, எஞ்சின் சத்தத்துல ஒத்தக் காதுக்குக் கேக்குமா?

சவுரியப்பன்: கண்ணு நல்லாத் தெரியுதே.

முதசிர்: வளைவுல கண்ணு என்னண்ணா பண்ணும்?

சவுரியப்பன்: ...செவ்வாக்கெழம ஒரு பால் வண்டி. ரெண்டு வண்டிக்கும் ஒரு சாண் எடவெளி இல்ல. அந்த டிரைவர் கீழ எறங்கி வந்து, அவ்ளோ நேரம் ஆரன் அடிச்சனே, காது செவுடாய்யான்னு கேட்டான். நான் அவனையே திட்டி அனுப்பிட்டேன். அப்புறம் வண்டிய எடுக்காம அங்கயே ஒக்காந்துட்டேன்.

முதசிர்: அக்காவுக்குத் தெரியுமா?

சவுரியப்பன்: ஜாஸ்மினுக்கா? சொன்னா அன்னிக்கே சாவியப் புடுங்கிடுவா. கட்டி இருபது வருசமான பொண்டாட்டிகிட்ட மறைக்கறது எனக்கென்ன சந்தோசமா... அதோ, வந்துட்டா. செட்டு ரிப்பேருன்னே சொல்லு.

ஜாஸ்மின்: என்னங்க, பாட்டே காணோம்? சரியாயிடுச்சா தம்பி?

முதசிர்: அது வந்துக்கா...

சவுரியப்பன்: வயரு. உள்ள அறுந்திருக்குதாம். ரெண்டு நாளு ஆகும்ங்கறான்.

ஜாஸ்மின்: வயரா தம்பி?

முதசிர்: அண்ணனே சொல்லட்டும்க்கா.

சவுரியப்பன்: வயரு இல்ல.

ஜாஸ்மின்: அப்புறம்?

சவுரியப்பன்: திங்கக்கெழம புள்ளைங்கள நான் ஏத்தல. டிரைவர் அர்ச்சுனன் வண்டிய அனுப்பச் சொல்லி எட்மாஸ்டருக்குப் போன் பண்ணணும்... எனக்கு இந்தக் காது போச்சு, ஜாஸ்மின். செவ்வாக்கெழம மலையில ஒருத்தன் மேல ஏத்தியிருப்பேன். உங்கிட்ட மறைச்சுட்டேன்.

ஜாஸ்மின்: தெரியும். எழுந்து வாங்க. ஆஸ்பத்திரியில காது டாக்டர்கிட்ட சீட்டுப் போட்டுட்டுத்தான் வரேன். பன்னண்டு மணி வரைக்குந்தான் பாப்பாராம்.

சவுரியப்பன்: தெரியும்னா... எப்ப இருந்து?

ஜாஸ்மின்: ஈஸ்டருக்கு முன்னாடி தவக்காலத்துல இருந்தே சந்தைக்கு, பூசைக்குன்னு எதையாவது சொல்லிக்கிட்டு தெனமும் உங்க பக்கத்து சீட்டுல வரனே. வளைவுல உங்க தோளத் தொட்டதெல்லாம் பயந்துக்கிட்டுன்னா நெனச்சீங்க? ஆரன் கேட்டப்பதாங்க தொட்டேன். செவ்வாக்கெழம ஒரு நாளுதான்... காய்ச்சல்னு வூட்லயே படுத்துட்டேன்.