வெயில் விழும் கொடி

வெள்ளைத் துணி வெளுப்பதில் சோப்புக்குப் பெரிய பங்கில்லை, ஐயா. வெயில்தான் எல்லாம். உங்கள் மனைவியைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

எங்கள் பைப்லைன் பேட்டையில் வெயில் எளிதில் கிடைக்காது. கட்டிடங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. நான்காவது மாடியில் என் அறை. மத்தியானத்திலும் விளக்குப் போட்டால்தான் பயறில் கல் பொறுக்க முடியும். மொட்டை மாடியில் ஆறு கொடிகள் கட்டியிருக்கிறார்கள். பக்கத்துக் கட்டிடங்கள் இன்னும் உயரம் என்பதால் எல்லாக் கொடிகளிலும் நிழல், கிழக்கு ஓரத்துக் கொடியைத் தவிர. அது என்னுடையது. எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. என் மகள் கெருபோ பிறப்பதற்கு முன்பிருந்தே அதில் துணி போடுகிறேன், அவள் இப்போது கிசுமுவில் நர்சிங் படிக்கிறாள். வேறென்ன அத்தாட்சி வேண்டும்.

என் சொந்தத் துணிக்காக நான் பேசவில்லை. எங்கள் சபைப் பாடகர்களின் வெள்ளை அங்கிகளை நான்தான் துவைத்துக் கொடுக்கிறேன். சனிக்கிழமை எங்களுக்கு ஓய்வுநாள். வெள்ளி மாலை சூரியன் மறைந்துவிட்டால் ஒரு கைக்குட்டையைக்கூடப் பிழியக் கூடாது. ஆகவே வெள்ளிக்கிழமை முழுக்க அந்தக் கொடி வேண்டும். கர்த்தருடைய காரியம்.

இப்படி இருக்கும்போதுதான் ஐந்தாவது மாடிக்கு சிமியு குடிவந்தான். புங்கோமா பக்கத்துப் பையன். இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஏதோ கிடங்கில் இரவுக் காவல். காலையில் வந்து சீருடையைத் துவைத்துப் போட்டுவிட்டுத் தூங்குவான். குடிக்க மாட்டான், குரலை உயர்த்த மாட்டான். அப்படிப்பட்டவனிடம் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

வந்த வாரமே என் கொடியில் அவனுடைய நீலக் கால்சட்டை தொங்கியது.

"தம்பி, இது என் கொடி" என்றேன்.

"அப்படியாம்மா? பேரு ஒண்ணும் எழுதியிருக்கக் காணோமே" என்று சிரித்தான். "சும்மா சொன்னேன் கெருபோம்மா. இந்த ஓரத்துல நான் போட்டுக்கறேன், மிச்சம் பூரா நீங்க போடுங்க. வெயிலு ரெண்டு பேருக்கும் பத்தும்."

பத்துமாம். என் வெயிலில் எனக்கே பங்கு கொடுத்தான்.

கேர்டேக்கர் கிமேயுவிடம் போய்ச் சொன்னேன். அவர் வாசலில் உட்கார்ந்து சோளம் கடித்துக்கொண்டிருந்தார்.

"தண்ணிக்குக் காசு வாங்குறோம், குப்பைக்கு வாங்குறோம். வெயிலுக்கு இன்னும் வாடகை போடல கெருபோம்மா. போட்டா உங்க பேருல பதிஞ்சு தர்றேன்" என்றார்.

"பொறுப்பான ஆளு பேசுற பேச்சா இது?"

"பொறுப்பான ஆளா இருந்தா நான் ஏன் இங்க உட்கார்ந்து சோளம் திங்கறேன்?"

இப்படித்தான் எங்கள் கட்டிடத்தில் நிர்வாகம். எல்லாவற்றையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தண்ணீர் வராத நாட்களில் சிமியு என் குடங்களைத் தூக்கி வந்து கதவருகே வைத்துவிட்டுப் போவான். நான் கேட்டதில்லை. வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். மறுவாரம் பார்த்தால் கொடியில் இன்னும் இரண்டு முழம் அவன் பக்கம் போயிருக்கும். என் அங்கிகள் ஒரு சுருக்கமில்லாமல் தள்ளிப் போடப்பட்டிருக்கும், கிளிப்புகள் எல்லாம் வரிசையாக. கடுமையாகப் பேசுகிறவனை எதிர்த்துப் பேசலாம். இப்படிச் செய்கிறவனை என்ன செய்வது?

அந்த மாதம் எங்கள் சந்தில் துணித் திருட்டு அதிகம். இரண்டாவது மாடியில் காய்ந்த ஜீன்ஸ் எல்லாம் ஒரே மத்தியானத்தில் போயிற்று. சந்து முனையில் பைக் டாக்சி ஓட்டும் பையன்களில் ஒருவனுடைய மழைக்கோட்டும் போயிற்று. "இன்னொரு தடவை எவனாவது சிக்கினா போலீஸு வரைக்கும் போகாது" என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். மன்னிக்க வேண்டும் ஐயா, அவர்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன். எங்கள் சந்தில் 'தீ' என்று கூவினால் எந்தக் கட்டிடம் என்று நிமிர்ந்து பார்ப்பார்கள். 'திருடன்' என்று சொன்னால் யார், என்ன என்று கேட்க ஒருவரும் நிற்க மாட்டார்கள். இது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை நான் வாசலுக்கு எதிரே கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். வானம் திடீரென்று கறுத்தது. சிமியு கேட்டைத் தாண்டி வெளியே வந்தான். இரண்டு கையிலும் என் அங்கிகள், முகவாய் வரைக்கும் குவித்திருந்தான். அந்த வெள்ளைக்கு மேலேயே தன் ஈரச் சட்டையையும் போட்டிருந்தான். மேலாக இருந்த அங்கியின் கழுத்துப் பட்டையில் நீலம் இறங்கியிருந்தது. அதைப் பார்த்தேன்.

"திருடன்" என்றேன்.

கத்தவில்லை. கீரைக்காரியிடம் மீதிச் சில்லறை கேட்கும் குரலில்தான் சொன்னேன். பைக் பையன்கள் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள்.

பிறகு நடந்தது உங்கள் அறிக்கையிலேயே இருக்கும். நான் கல் எடுக்கவில்லை, கட்டை எடுக்கவில்லை. சுவரோரமாக ஒதுங்கி நின்றேன். ஒன்று மட்டும் அறிக்கையில் இருக்காது. கீழே விழும்வரை அவன் அங்கிகளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான், சேறு படக்கூடாது என்று. அதனால்தான் கையால் தடுக்க முடியவில்லை. குறையாகச் சொல்லவில்லை, புத்தி அவ்வளவுதான்.

"கெருபோம்மா, இவங்ககிட்ட சொல்லுங்கம்மா" என்றான். மறுபடியும் சொன்னான். என் கீரை கீழே சிதறியிருந்தது, அதைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அன்று நான் பட்ட பாட்டை யாரும் கேட்கவில்லை. அங்கிகளை அலசி முடிப்பதற்குள் சூரியன் போய்விட்டது. மறுநாள் பாடகர்கள் ஈர அங்கியோடுதான் பாடினார்கள், பாதிப் பேருக்குச் சளி பிடித்தது. ஆனாலும் ஜெப நேரத்தில் நான் சிமியுவின் பேரைச் சொல்லி ஜெபித்தேன். சபையில் வேறு ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

அவனுடைய அம்மா ஊரிலிருந்து உடலை எடுத்துப்போக வந்தாள். கிமேயுவுக்கு அவளை எங்கே உட்கார வைப்பதென்று தெரியவில்லை. என் அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்து பால் ஊற்றித் தேநீர் போட்டுக் கொடுத்தேன். கோப்பையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

"நீங்கதானா கெருபோம்மா?" என்றாள். "போன்ல சொல்லுவான். கீழ்மாடியில ஒரு அம்மா இருக்காங்க, கொடிக்குச் சண்டை பிடிப்பாங்க, ஆனா மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டாங்கன்னு."

"நல்ல பையன்" என்றேன். அது உண்மைதான்.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "முதல்ல யாரும்மா கத்தினது?"

"கத்தினது யாருன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றேன். நான் பொய் சொல்கிறவள் இல்லை. நான் கத்தவில்லை என்று முன்பே சொன்னேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பேருந்து ஏற்றிவிடும்வரை கூடவே இருந்தேன். எங்கள் கட்டிடத்தில் வேறு யார் அதைச் செய்தார்கள்?

நீங்கள் எழுதிக்கொள்வதால் விட்டுப்போனதையும் சொல்லிவிடுகிறேன். அன்று வானம் கறுத்ததும் சிமியு மொட்டை மாடிச் சுவரில் சாய்ந்து என்னைக் கூப்பிட்டான். "கெருபோம்மா, மழை வருது. உங்க துணிய எடுத்தாரட்டுமா?" பைக் இரைச்சலில் வேறு யாரும் கவனிக்கவில்லை, நான் மட்டும் நிமிர்ந்து பார்த்தேன்.

"எடுத்துட்டு வா" என்றேன்.

அவன் எடுத்துக்கொண்டு வந்தான். என் துணி, என் பேச்சைக் கேட்டு, என்னிடம் கொண்டு வந்தான். திருடன் இல்லை என்று அந்தச் சந்தில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். தெரிந்துதான் சொன்னேன்.

கூட்டம் அடித்தது, ஆள் அடையாளம் தெரியவில்லை என்று நீங்கள் அந்த வழக்கை மூடி மாதங்கள் ஆகிவிட்டன. இப்போது ஏன் வந்து சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள். காரணம் இருக்கிறது. அவனுடைய அறைக்கு செலிமோ என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். கைக்குழந்தைக்காரி. போன வெள்ளிக்கிழமை கிழக்குக் கொடி முழுக்கக் குழந்தைத் துணி. எடுக்கச் சொன்னேன். "குழந்தைக்குச் சளிம்மா, வெயில்ல காஞ்சாத்தான் ஆகும். உங்க துணியையும் நானே தினம் எடுத்து மடிச்சுத் தர்றேனே" என்றாள், முகம் நிறையச் சிரித்துக்கொண்டு.

மடித்துத் தருகிறாளாம்.

கிமேயுவிடம் சொல்லிப் பயனில்லை. நீங்கள் ஒரு நடை வந்து அவளிடம் பேசுங்கள், ஐயா. சின்னப் பெண், சொன்னால் கேட்பாள். இந்தத் தடவை நான் வாயைத் திறப்பதற்கு முன்பே உங்களிடம் வந்திருக்கிறேன். அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.