யாரும் உள்ளே இல்லாமல் இல்லை

அவையை ஆளும் தலைவர் அவர்களே, பகலெல்லாம் பாடுபட்டும் பாடம் படிக்க வந்த பெரியோர்களே, அடுப்பை அணைத்த கையோடு ஓடிவந்த தாய்மார்களே, ஆங்கில இலக்கணத்தை அலுக்காமல் சொல்லித்தரும் ஆசிரியர் அவர்களே, முதல் வரிசையில் கைக்குட்டையால் முகத்தை மூடியிருக்கும் என் அருமை நாத்தனாரே! அனைவருக்கும் என் வணக்கம்.

மாலை வகுப்பின் ஆண்டு விழாவில் 'யாரும், யாரோ, யாராவது', அதாவது ஆங்கிலத்தின் நோபடி, சம்படி, எனிபடி பற்றிப் பேசச் சொன்னார்கள். சலவை ஆலையில் டிரையர் ஓட்டுகிறவளுக்கு இலக்கணத்தில் என்ன வேலை? இருக்கிறது ஐயா, இருக்கிறது! ஒரு 'நோபடி'யால் உயிர் பிழைத்து நிற்பவள் நான்.

துணி காயவைக்கும் எங்கள் டிரையருக்குள் ஓர் ஆள் குனிந்து நுழையலாம். ஒட்டிய பஞ்சை வழிக்க நான் உள்ளே ஏறியிருந்தேன். மற்றவர்களோடு நானும் டீ குடிக்கப் போய்விட்டதாக நினைத்து, கூடவே வேலை செய்யும் என் நாத்தனார் கதவைச் சாத்திவிட்டார். தமிழ் தெரியாத சூப்பர்வைசர் சுவிட்சில் கை வைத்தபடி, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று ஆங்கிலத்தில் உரக்கக் கேட்டார். கத்தப் பார்த்தேன், பஞ்சு தொண்டையை அடைத்தது. தட்டினேன், மற்ற மெஷின்களின் இரைச்சலில் எடுபடவில்லை. என் நாத்தனார் பதில் சொன்னார்:

"நோபடி இஸ் நாட் இன்சைட், சார்."

சிரிக்காதீர்கள் அம்மா, நீங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள்! தமிழில் 'யாரும்' என்பது பாதிப் பேச்சு. 'இல்லை' என்று முடித்தால்தான் நமக்கு மனசு ஆறும். நோபடியின் வயிற்றுக்குள்ளேயே ஓர் 'இல்லை' இருக்கிறது என்று நமக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை!

சூப்பர்வைசரோ சொல்லுக்குச் சொல் நிறுத்துப் பார்க்கிற மனிதர். யாரும் இல்லாமல் இல்லை என்றால், யாரோ இருக்கிறார்கள் என்றுதானே பொருள்? சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டு, அப்படியானால் உள்ளே யார் என்று கேட்டார். நாத்தனார் சொன்னதையே திருப்பிச் சொன்னார். அவரும் கேட்டதையே திருப்பிக் கேட்டார். பொறுமை போய், நீயே வந்து பாருய்யா என்று தமிழில் சொல்லிவிட்டு, நாத்தனார் கதவைப் படாரென்று திறந்தார்.

"அண்ணி!" என்று அலறி, என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

அடுத்த வாரமே இருவரும் இங்கே சேர்ந்தோம். இப்போது அவர் நோபடியைப் பிசகாமல் சொல்கிறார். அன்றைக்கே இப்படிச் சொல்லியிருந்தால், நான் இன்று உங்கள் முன் நின்றிருக்க மாட்டேன். பிழையில்லாமல் சொன்னால் போதுமா? பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டாமா?

'மெஷினைப் போடு' என்பது முதன்மை வாக்கியம், அது தனியாக நிற்கும். 'உள்ளே பார்த்த பிறகு' என்பது துணை வாக்கியம், அது தனியாக நிற்காது என்று ஆசிரியர் கற்பித்தார். ஐயா, பரீட்சையில் அப்படியே எழுதுகிறேன். ஆனால் எங்கள் ஆலையில் அந்த முதன்மையைத் தனியாக நிற்க விடாதீர்கள்! துணையோடு நிறுத்துங்கள். அந்தத் துணையில் ஓர் உயிர் இருக்கிறது!

என் நாத்தனார் இப்போதெல்லாம் கதவைத் திறந்து, அண்ணி என்று உள்ளே ஒரு குரல் கொடுத்த பிறகுதான் சுவிட்சைத் தொடுகிறார், நான் அவர் பக்கத்திலேயே நின்றாலும்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், கதவைத் திறந்த அந்தக் கைக்கும் நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்.