ரோவெனாவுக்கு நான் சொன்ன கேமரா

2018 செப்டம்பர் 15, சனிக்கிழமை, விம்மெரா கோதுமை வட்டாரத்து வாரக்கீல் மைதானத்தில், பந்தைக் கையாலும் பிடித்து ஆடுகிற நம் நாட்டுக் கால்பந்து லீக்கின் இறுதி ஆட்டம் நடந்தது. ஆட்ட நேரம் முடிந்து சங்கு ஊதிய பிறகு உதைத்த ஒரே உதையில் நம் வாரக்கீல் அணி வென்றது. அந்த உதைக்குப் படம் இல்லை.

மொரீன், கிளப் தலைவர் என்ற முறையில் நீங்கள் கேட்டதால் நடந்ததைச் சொல்கிறேன். மறைப்பதற்கு எதுவுமில்லை. சொல்லப்போனால், இது ஒரு நல்ல மனிதன் ஒரு பெண்ணுக்குக் கேமரா வாங்க யோசனை சொன்ன கதை.

கோல் கம்பங்களுக்குப் பின்னால் நிற்க ஒரு கிளப்புக்கு ஒரு புகைப்படக்காரருக்குத்தான் அனுமதி. அடையாளத்துக்கு ஓர் ஆரஞ்சு மேலங்கி. நம்முடைய கிளப்பில் அதைப் பல வருடங்களாக நான்தான் அணிகிறேன். வேறு யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

ரோவெனாவும் கேட்கவில்லை. நம் அணியில் ஆடும் கேலன் டீக்கைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலிக்கு வெளியே நின்று ஃபோனில் படம் எடுத்து கிளப்பின் பக்கத்தில் போடுவாள். நானும் பார்த்தேன். அடிவானம் கோணலாக இருக்கும். ஆட்கள் சேற்றைத் துப்பிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருப்பார்கள். மே மாதத்தில் ஒருநாள் கிளப் பாரில் நம் ஆட்டக்காரன் ஃபெர்கஸ் எல்லோர் முன்னாலும் என்னிடம் சொன்னான்:

"கெல்வின், உன் போட்டோல நாங்கல்லாம் லைசென்ஸுக்குப் படம் எடுக்க நிக்கிற மாதிரி இருக்கோம். ரோ எடுத்தா, நெசமாவே ஏதோ ஆடின மாதிரி இருக்குப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நானும் சிரித்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜூனில் அவள் ஒரு தட்டு எலுமிச்சை கேக்கோடு என் வீட்டுக்கு வந்தாள். கேலனின் முழங்கால் போய்விட்டது, இந்தப் பருவத்தோடு ஆட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். டிசம்பரில் குழந்தை. அவன் ஆடுகிற ஒரு நல்ல படமாவது வேண்டும் என்றாள்.

"ஃபோன்ல அவரு எறும்பு மாதிரி தெரியறாரு. பொறக்கப் போற பிள்ளைக்கு எறும்பைக் காட்டி, இதுதான் உங்கப்பான்னு சொல்ல முடியுமா? நீங்களே சொல்லுங்க கெல்வின், எந்த கேமரா வாங்கட்டும்?"

பழைய கேமராக்களில் இரண்டைப் பார்த்து வைத்திருந்தாள். ஒன்று என்னுடையதைப் போன்றது. செங்கல் கனம், தேய்ந்த மூலைகள், பதினாறு மெகாபிக்சல். பத்திரிகைக்காரர்கள் விளையாட்டுக்கென்றே வைத்திருந்து கழித்துவிட்டது. மற்றது புதிது மாதிரி, சிறியது, அழகானது, நாற்பதுக்கு மேல் மெகாபிக்சல். இந்த ஊரில் கேமரா வாங்குகிற எவரும் முதலில் அந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள். டிராக்டரில் குதிரைச் சக்தி பார்க்கிற மாதிரி.

நான் இரண்டாவதைச் சொன்னேன். காரணங்களும் சொன்னேன். தூரத்தில் இருப்பவனை வெட்டிப் பெரிதாக்கலாம். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்குக் கனம் ஆகாது. சத்தம் போடாது. இவற்றில் ஒன்றுகூடப் பொய்யில்லை. எந்தக் கடைக்காரரை வேண்டுமானாலும் கேளுங்கள், இதையேதான் சொல்வார்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் அழுத்தினால் படங்கள் தொடர்ந்து விழுந்துகொண்டே இருக்கும்; அவை முதலில் கேமராவுக்குள் இருக்கிற தொட்டி போன்ற ஓரிடத்தில் விழும், அங்கிருந்துதான் மெமரி கார்டுக்குப் போகும். படம் பெரிதாக இருந்தால் தொட்டி சீக்கிரம் நிரம்பும். நிரம்பினால் கேமரா நிற்கும். அறுவடை இயந்திரம் லாரி வரும்வரை வயலில் நிற்பதில்லையா, அப்படி. அந்தச் சிறிய கேமராவில் ஐந்தாறு வினாடி தாங்கும். அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எந்த கார்டு வாங்கலாம் என்று மட்டும் கேட்டாள். எதுவானாலும் சரி என்றேன். மலிவானதாக வாங்கினாள். மலிவான கார்டில் தொட்டி காலியாக இன்னும் நேரமாகும்.

அந்தப் பருவம் முழுக்க எந்தத் தொந்தரவும் வரவில்லை. அவள் ஒவ்வொரு படமாகப் பொறுமையாக எடுப்பாள். ஃபோனைவிட நன்றாகவே வந்தன. என்னைப் பார்க்கும்போதெல்லாம் நன்றி சொன்னாள். ஆகஸ்டில் டீ ஊற்றிக்கொண்டே நீங்கள் சொன்னீர்கள், அடுத்த வருடம் மேலங்கியை நானும் ரோவும் மாறி மாறிப் போட்டுக்கொள்ளலாமே என்று. நல்ல யோசனை என்று உடனே சொன்னேன். அந்த நேரத்தில் என் குரலில் ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா? தெரிந்திருக்காது.

இறுதி ஆட்டத்தன்று அவளைக் கம்பங்களுக்குப் பின்னால் என் பக்கத்தில் உட்கார வைக்க நடுவரிடம் அனுமதி வாங்கியது யார் தெரியுமா? நான்தான். யாரும் என்னைக் கேட்கச் சொல்லவில்லை.

கடைசிக் கட்டத்தில் நாம் இரண்டு புள்ளி பின்னால் இருந்தோம்; ஆறு புள்ளி தரும் ஒரு கோல் போதும். கேலன் பந்தைத் தாவிப் பிடித்துக் கீழே விழுந்தான். சங்கு ஊதியது. பந்தைப் பிடித்தவனுக்கு நேரம் முடிந்தாலும் ஓர் உதை உண்டு என்பதால் நடுவர் மற்றவர்களை விலக்கினார். கட்டுப் போட்ட முழங்காலோடு அவன் எழுந்து நின்றான். மைதானத்தைச் சுற்றி நின்ற கார்களில் ஒருவர்கூடப் பேசவில்லை. ஃபோனில் யாராவது எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். எல்லோர் கையும் ஹாரனின் மேல் தயாராக இருந்தது மொரீன். கோல் விழுந்ததும் காரில் இருந்தபடியே ஹாரன் அடிக்கிற நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா?

நான் அவள் காதருகில் மெதுவாகச் சொன்னேன்.

"அவன் அடி எடுத்து வச்ச உடனே அமுக்கு. கடைசி வரைக்கும் விரலை எடுக்காத."

"சரி கெல்வின்," என்றாள்.

கேலன் உதைக்க வரும் விதம் உங்களுக்குத் தெரியும். நான்கடி நடப்பான், கையிலுள்ள பந்தைத் திருப்பிப் பார்ப்பான், சிறிய குதியாகக் குதிப்பான், பிறகுதான் ஓடுவான். பார் முழுக்க அதைக் கிண்டல் செய்யும். அவன் பந்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவளுடைய தொட்டி பாதி நிரம்பியிருக்கும். அவன் ஓடத் தொடங்கியபோது கேமராவின் சிவப்பு விளக்கு மினுங்கத் தொடங்கியது. நான் பந்து அவன் கையைவிட்டுக் காலை நோக்கி நழுவும்வரை காத்திருந்தேன். பிறகு அழுத்தினேன்.

ஹாரன்கள் அடங்க வெகுநேரம் ஆயிற்று. எல்லோரும் மைதானத்துக்குள் ஓடினார்கள். அவள் மட்டும் கேமராவை உலுக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"கெல்வின், இது நின்னுடுச்சு. ஏன் நின்னுடுச்சு?"

சில நேரம் அப்படித்தான் என்றேன். அவள் அதில் பின்னோக்கிப் பார்த்தாள். கேலன் பந்தைத் திருப்புகிறான். கேலன் குதிக்கிறான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. உடை மாற்றும் அறை வாசலில் மறுபடி வந்தாள்.

"உங்களுக்குக் கிடைச்சுதா?"

இல்லை என்றேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். எனக்கு ஆறுதல் சொன்னாள். ரொம்ப நல்ல பெண்.

கேலனின் அம்மா முன்வரிசைக் காரில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார் என்பதை நான் கவனிக்கவில்லை. என் பழைய கேமரா தகரத்தில் கோழி தானியம் கொத்துவது போலச் சத்தம் போடும். அந்த நேரத்தில் அந்தச் சத்தத்தைத் தான் கேட்டதாக இப்போது உங்களிடம் சொல்லியிருக்கிறார். அதனால்தான் இந்த விசாரணை. அவர் சொன்னது சரி.

படம் இருந்தது. பந்து பாதத்தைத் தொட்ட கணம். வாய் திறந்திருக்கிறது, கட்டுப்போட்ட கால் ஊன்றியிருக்கிறது, பின்னால் கார்கள் வரிசையாக. அவன் யாருக்காகவும் நிற்கவில்லை, ஆடுகிறான். ஃபெர்கஸ்கூட ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. நான் எடுத்ததிலேயே அதுதான் சிறந்தது. வண்டிக்குள் உட்கார்ந்து ஒருமுறை பார்த்தேன். பிறகு கார்டை முழுவதுமாக அழித்தேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். அவள் அந்தப் படத்தைப் பார்த்தால், தன் கேமராவால் ஏன் முடியவில்லை என்று யோசித்திருப்பாள். தவறானதை வாங்கிவிட்டோம் என்று வருந்தியிருப்பாள். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்கு அந்த மனவருத்தம் தேவையா? அவளைக் காப்பாற்ற வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

டிசம்பரில் பெண் குழந்தை பிறந்தது. கேமராவை ரோவெனா அதற்கு முன்பே விற்றுவிட்டாள். இந்தப் பருவத்தில் அவள் மைதானத்துக்குப் படம் எடுக்க வரவில்லை. அவளுக்கு இதில் பெரிய ஆர்வம் எப்போதுமே இருந்ததில்லை என்றுதான் நினைக்கிறேன்.