முடியளவு இடுக்கு

...வேலை சுத்தமில்ல தம்பி, அவ்வளவுதான் சொல்லுவேன். அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. உங்களுக்கும் ஸ்க்ரூ பல்லா? அப்ப கேட்டுக்குங்க, உபயோகப்படும்.

இந்தப் பல் டாக்டர் தங்கமான மனுஷன்தான், குத்தம் சொல்லல. பல்லு போன எடத்துல, தாடை எலும்புக்குள்ள ஒரு ஸ்க்ரூவ எறக்கினாரு. எலும்பு நல்லா பிடிச்சுக்கணும்னு அதோட மரையெல்லாம் சொரசொரன்னு இருக்கும். சரி, நியாயம். கழுத்து மட்டும் வழவழன்னு, கிருமி ஒட்டக் கூடாதாம். அதுவும் நியாயம். அதுமேல பல்லு மாட்ட ஒரு தண்டு வச்சாரு பாருங்க, அங்கதான் வெனை. தண்டு ஸ்க்ரூவ விட ஒல்லி. பெரிய பாட்டிலுக்குச் சின்ன மூடி போட்ட மாதிரி சுத்திலும் ஒரு படி நிக்குது. எக்ஸ்ரேல நானே பாத்தேன். அளவு மாறிப் போச்சுன்னு சொன்னா சிரிக்கறாரு. வேணும்னேதான் அப்படிச் செய்யறாங்களாம். ரெண்டு துண்டும் சேர்ற எடத்துல முடியளவு இடுக்கு இருக்குமாம், அதுல கிருமி குடியிருக்குமாம். தண்டு ஒல்லியா இருந்தா அந்த இடுக்கு எலும்ப விட்டுத் தள்ளி இருக்குமாம், படி மேல ஈறு உக்காந்து காவல் காக்குமாம்.

இடுக்கு இருக்குன்னு அவர் வாயாலயே சொல்லிட்டாரு பாத்தீங்களா?

நான் மூக்குக்கண்ணாடி கடைல வேலை பாக்கறவ. இடுக்கோட ஒரு ஃபிரேம் என் கைய விட்டுப் போகாது. ஸ்க்ரூவ முடுக்கி, ஒரு சொட்டு பசை விட்டா ஜென்மத்துக்கும் அசையாது. எங்க மருமக நேரெதிர். அவ மூடற டப்பா எதுவும் முழுசா மூடியிருக்காது. கேட்டா, "தெறக்க சுலபமா இருக்கும்ல அத்தை"ங்கறா. இவளும் டாக்டருக்குப் படிச்சிருக்கலாம்.

எங்க விட்டேன்... ஆங், வீக்கம். ஈறு செவந்து போச்சு, தேய்ச்சா ரத்தம். ஒழுங்கா தேய்க்கறீங்களான்னு கேக்கறாரு, என்னைப் பாத்து! ஸ்க்ரூவச் சுத்தி எலும்பு கிண்ணம் மாதிரி குழிஞ்சுட்டுதாம். நல்ல டிசைன், நல்லாத்தான் வச்சேன், எங்க தப்புன்னே புரியலன்னு தலையச் சொறியறாரு. இன்னைக்கு எக்ஸ்ரேல எலும்பு இன்னும் எறங்கியிருந்தா ஸ்க்ரூவயே கழட்டிடுவாராம். அப்புறம் வேற வைக்கவும் எலும்பு பத்தாதாம். இன்னொரு பக்கம் ஏற்கெனவே பல்லு கெடையாது. இதுவும் போச்சுன்னா நான் எல்லாத்தையும் கரைச்சுத்தான் குடிக்கணும். சிரிக்காதீங்க தம்பி, ராத்திரில தூக்கம் வர்றதில்ல.

நல்ல வேளை, அவரை மட்டும் நம்பி நான் சும்மா இருக்கல. இடுக்குன்னு சொன்ன அன்னைக்கே கடைப் பசைய எடுத்துட்டு வந்துட்டேன். மெல்லிசு பிரஷ்ஷு, பூதக்கண்ணாடி, பல்குத்தற குச்சியால ஈற லேசா வெலக்கிக்கணும். அந்தப் படிய நெரவி, இடுக்க அடைச்சு... அப்பாடா, ஃபிரேம் மாதிரி வழுவழுன்னு ஆயிட்டுது. அதுக்கு முன்னாடி வீக்கமே கெடையாது. இடுக்கு உள்ளுக்குள்ளயே வேலை செஞ்சிருக்கு தம்பி, வெளிய தெரியல.

இவர் வேற, வர்றப்பல்லாம் சுத்தம் பண்றேன்னு பாதிய சொரண்டி எடுத்துடறாரு. பல்லுல காறை கட்டியிருக்குங்கறாரு. நான் வாயத் தெறக்கல, பாவம், அவர் வேலைல ஓட்டை இருக்குன்னு சொன்னா மனசு நோகும். வீட்டுக்குப் போய் மறுபடியும் வச்சுக்குவேன். இன்னைக்கு எக்ஸ்ரேன்னு காலைலயே ரெண்டு பூச்சு கூடவே...

என்ன தம்பி, எழுந்துட்டீங்க? தண்ணி இந்தப் பக்கம். அது டாக்டர் ரூம்... உங்க மொறை இன்னும் வரல... கதவ வேற தட்டறாரு பாரு.

என்னைக் கை காட்டி என்னமோ சொல்றாரு. டாக்டரும் வாயத் தெறந்தபடி கேக்கறாரு. பரவால்ல, நல்ல புள்ள. நாமளே போய்ச் சொன்னா பெருமை அடிச்சுக்கற மாதிரி இருக்கும்.