வெள்ளைக்கோட்டு சாட்சி

ஹலோ... ஹலோ... ஆமாங்க, நான்தான் கூப்பிட்டேன். பேப்பர்ல உங்க விளம்பரம் பார்த்தேன். போன பேச்சைத் திரும்ப வரவைக்கிற சிரப்பு... ஆமா ஆமா, நாப்பது நாள்னு போட்டிருந்தது. அதுல ஒரு பாட்டில்.

எனக்கில்லீங்க, என் மனைவிக்கு. பக்கவாதம். எட்டு மாசமாச்சு. வலது பக்கம் பூரா போச்சு. காது நல்லா கேக்குது, சொன்னா எல்லாம் புரியுது. பேச்சுதான்... ஆஸ்பத்திரியிலயா? இதுக்கு மேல எதிர்பார்க்காதீங்கன்னுட்டாங்க.

சொல்லுங்க... லட்சம் குடும்பம் வாங்கியிருக்கா? இருங்க, இருங்க. இதுக்குப் பேரு கும்பல் சாட்சி. லட்சம் பேர் வாங்கினது வாங்கினதுக்குத்தான் சாட்சி, குணமானதுக்கு இல்ல... கோவமெல்லாம் இல்லீங்க, பழக்கதோஷம். முப்பத்திரண்டு வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு இதைத்தான் நடத்தினேன். விளம்பரத்தை வெட்டி நோட்டுல ஒட்டணும், எங்கெங்க பொய் வாதம் இருக்கோ அங்கெல்லாம் சிவப்பு மையில வட்டம் போடணும். என்கிட்ட படிச்ச பிள்ளைங்க ஒரு சோப்பைக்கூட சும்மா வாங்காதுங்க. ரிட்டயர் ஆன அன்னிக்கு தலைமையாசிரியர் என்னை 'ஏமாறாத தலைமுறையை உருவாக்கிய செம்மல்'னார். நானும் ஆமாம்னு தலையாட்டிக்கிட்டு... சரி சரி, உங்க நேரம். மேல படிங்க.

படத்துல இருக்கிற டாக்டரா? பார்த்தேன். அது வெள்ளைக்கோட்டு சாட்சி. பேரும் போடல, படிப்பும் போடல, கோட்டு மட்டும் போட்டிருக்கார்... ம்... இன்னிக்கு சாயங்காலத்தோட சலுகை முடியுதா? இது கெடு. யோசிக்க விடாம விரட்டுறது... ஆமாங்க, எல்லாம் தெரிஞ்சுதான் கேக்குறேன். ஒண்ணு வேணாம், ரெண்டா அனுப்புங்க.

அந்தச் சத்தமா? அவதான். டம்ளர்ல ஸ்பூனால தட்டுவா. ஒரு தட்டுன்னா தண்ணி. ரெண்டுன்னா வா. மூணுன்னா வேணாம். இப்ப ஒண்ணுதான். இருங்க, குடுத்துட்டு வரேன்...

ஹலோ, இருக்கீங்களா?... எந்த ஸ்கூலா? ஏன் கேக்குறீங்க?... இல்லீங்க. அந்த சார் நான் இல்ல. குரல் ஒரே மாதிரி இருக்கும்...

'ஏன் சார்'?... அடடா, நீயா! ரெண்டாவது பெஞ்சு. எதுக்கெடுத்தாலும் ஏன் சார், ஏன் சார்னு... ஆமா, அந்தப் பேரை வச்சதே நான்தான். உன் நோட்டைத்தானே மத்த வகுப்புக்கெல்லாம் தூக்கிட்டுப் போய்க் காட்டுவேன். நீ எப்படிம்மா இங்க?... ம்... அப்பாவுக்கு வேலை போயிடுச்சா... ஆமா ஆமா. வேலைன்னா வேலைதான்.

மெதுவா பேசு... ம்... சக்கரைப் பாகா? அதுல கலரு. வேற ஒண்ணுமே இல்லையா?... ம்.

தெரியும்மா. வெட்டின விளம்பரம் சட்டைப் பையிலதான் இருக்கு. அஞ்சு இடத்துல வட்டம் போடணும். பேனாவை எடுத்தேன். கை வரல.

ஏன் சாரா?... நான் நோட்டுத் திருத்துறப்ப என் மனைவி எதிர்ல வந்து உக்காந்துப்பா. 'இந்த மூஞ்சியை நம்பி நான் கட்டிக்கிட்டேனே, அது எந்தப் பொய் வாதம்?'னு கேட்டுச் சிரிப்பா. நான் தலை நிமிராம திருத்திக்கிட்டே இருப்பேன். இன்னொரு தடவை கேட்டா பதில் சொல்லலாம்னு பார்க்கிறேன்.

ஒண்ணே ஒண்ணு சொல்லு. அதைக் குடிச்சு யாராவது ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை பேசினாங்களா? ஆமான்னு சொல்லிடேன். உன் கையில இருக்கிற தாள்ல எழுதியிருப்பாங்களே, அதையாவது படி... ஹலோ... ஏம்மா அழுற?

என்ன? மேனேஜரா? பின்னாடியே நிக்கிறாரா?... சரி சரி. நீ படி. நீ யாரோ, நான் யாரோ... ஆமாங்க, லட்சம் குடும்பம்... ஆமாங்க, டாக்டரே சொல்றாரு... ரொம்ப சரிங்க. ரெண்டு பாட்டிலுங்க. அட்ரஸ் எழுதிக்கிறீங்களா? கதவு எண்...

இருங்க, தட்டுறா. ஒண்ணு... ரெண்டு... மூணு.

மறுபடியும் மூணு... உங்களுக்குக் கேக்குதா? பக்கத்து ரூம்ல இருந்துக்கிட்டு எல்லாத்தையும் கேட்டிருக்கா... ஏ, இரு, டம்ளரை உடைச்சிடாத! வரேன்!

மன்னிச்சுக்குங்க. ஆர்டர் வேணாம்... உங்க மேல தப்பில்லன்னு மேனேஜர்கிட்ட சொல்லுங்க. நீங்க நல்லாத்தான் படிச்சீங்க. வீட்டுக்காரம்மா வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு எழுதிக்குங்க... ஆமாம்மா.

சொல்லிட்டாங்க.

வச்சிடுறேன்.